அடியில் வைத்த பேப்பர்

அட்டன் பஜாரில் பிரேம் கடை வைத்திருக்கும் நாகலிங்கத்துக்குத் தன் கையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சோறு தண்ணி வேண்டாம். நாலு சட்டத்தையும் ஒரு கண்ணாடியையும் சேர்த்து அடிப்பது பெரிய காரியமில்லை, அதை எவனும் அடித்துவிடுவான் என்பார். படத்தைச் சுற்றிக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தடித்த அட்டை வருமே, மவுண்ட், அதில் படம் தெரிகிற அளவுக்கு ஜன்னல் வெட்டுவதுதான் வேலை. அட்டையைக் கவிழ்த்துப் போட்டுப் பின்பக்கமிருந்து வெட்ட வேண்டும். கத்தியைச் சாய்த்தே பிடித்திருக்க வேண்டும். நாலு கோடும் மூலையில் கூடாமல் குறையாமல் போய் நிற்க வேண்டும். ஒரு மூலையில் கத்தி அரைக்கால் அங்குலம் தாண்டினாலும் அட்டை குப்பைக்குத்தான்.

"ஸ்கேலு எனக்குச் சும்மா பேச்சுத் துணைக்கு," என்பார். இருபத்தெட்டு வருடமாக இதையே சொல்லிக்கொண்டிருந்தார். கேட்பவர்கள் சிரிப்பதையும் நிறுத்திவிட்டார்கள்.

கொழும்பிலிருந்து ஜெயரத்தினம் என்ற யாழ்ப்பாணத்துக்காரர் இரண்டு வருடமாக அந்தக் கடைக்கு வந்து போய்க்கொண்டிருந்தார். மவுண்ட் வெட்டும் கம்ப்யூட்டர் மெசின் ஒன்றை எப்படியாவது நாகலிங்கத்தின் தலையில் கட்டிவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. வரும்போதெல்லாம் வழவழப்பான படப் புத்தகம் ஒன்றை விரித்துக் காட்டுவார். வரும்போதெல்லாம் நாகலிங்கமும் ஒரே பதிலைச் சொல்லி அனுப்புவார்.

"மெசினு வெட்டும், இல்லேங்கல. ஆனா அதுக்கு வெக்கம் இருக்குதா? ஒரு மூலை பிசகிப்போனா எனக்குச் சோறு எறங்காது. அதுக்கு என்ன, பிசகுனாலும் சும்மாதான் நிக்கும்."

பேசிவிட்டு, கடையில் இருக்கிற ஆட்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்ப்பார். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி ஜெயலெட்சுமி மட்டும் தலையைக் குனிந்துகொண்டு பில் எழுதுவாள். அவளுக்கு இந்தப் பேச்சு மனப்பாடம்.

இப்படிப்பட்ட மனுஷன், இரண்டாயிரத்து நாலாம் வருடம் மாசி மாதத்தில் ஒரு நாள், தானாகவே போனை எடுத்து ஜெயரத்தினத்தைக் கூப்பிட்டு, "அந்த மெசினைக் கொண்டாங்க, பாப்போம்," என்றார். ஜெயலெட்சுமி கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள்.

"என்னங்க, ஒடம்புக்கு ஏதும் செய்யுதா?"

"கண்ணு மங்குது. கோடு தெரிய மாட்டேங்குது," என்றார் நாகலிங்கம், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவள் பதறிப்போய் நுவரெலியாவுக்கு அழைத்துப் போனாள். டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, வயசுக்குக் கண் நன்றாகவே இருக்கிறது என்றார். நாகலிங்கம் விடவில்லை. மங்கத்தான் செய்கிறது என்று அடித்துச் சொன்னார். டாக்டரும் போனால் போகிறதென்று ஒரு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து காலையும் மாலையும் ஜெயலெட்சுமி அவரை நாற்காலியில் அண்ணாந்து உட்காரவைத்து, தாடையைப் பிடித்து, பிள்ளைக்குப் போடுவதுபோல மருந்து போட்டுவிட்டாள். நல்ல கண்ணில் மருந்து எரியும். எரிச்சலில் கண்ணீர் வடியும். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, சரியாயிரும்," என்று அவள் முந்தானையால் துடைத்துவிடும்போது அவருக்கு அப்படியே எழுந்து ஓடிவிடலாம் போலிருக்கும்.

அவர் கண்ணுக்கு ஒரு கேடும் இல்லை. நடந்தது வேறு.

தைப்பொங்கல் கழிந்த வாரம், பூண்டுலோயா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து மீனம்மா என்று ஒருத்தி கடைக்கு வந்திருந்தாள். ஐம்பதை ஒட்டிய வயது. கொழுந்தெடுத்துக் கறுத்த விரல்களால், நாலாக மடித்த பழைய பேப்பர் ஒன்றை நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தாள். தோட்டத்துச் சனம் படம் கொண்டுவந்தால் இப்படித்தான் வரும். படம் கசங்காமல் இருக்க ஒரு பேப்பருக்குள் வைத்து, பேப்பர் விலகாமல் இருக்க அதை இன்னொரு தடவை மடித்து, பஸ்ஸில் யார் முழங்கையும் படாமல் கொண்டுவந்து சேர்க்கும்.

படம் தலவாக்கலையில் ஒரு ஸ்டுடியோவில் எழுபத்திரண்டில் எடுத்தது. அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் பதினேழு வயது மீனம்மாவும் தம்பியும். ஓரத்தில், படம் முடிகிற இடத்தில், பத்துப் பன்னிரண்டு வயதில் ஒரு சின்னப் பெண் பாவாடையோடு நின்றாள். மீனம்மாவின் கை அவள் தோளில் இருந்தது.

"இது தங்கச்சிங்க மொதலாளி, காளியாயி. சித்தப்பாவுக்குப் புள்ள இல்ல, இவள வளக்கக் குடுத்திருந்தோம். அவங்களுக்கு இந்தியா பாஸ்போட்டு வந்திருச்சி. போறதுக்கு மொத நாளு எடுத்த படம். கோத்தகிரியில இருக்கா. முப்பத்திரண்டு வருசம் கழிச்சி சித்திரைக்கு வர்றா. அவ வர்றப்போ செவுத்துல மாட்டி வச்சிருக்கணும்."

"விட்டுட்டுப் போம்மா. நம்ம கைக்கு வந்திருச்சில்ல," என்றார் நாகலிங்கம்.

மறுநாள் காலையில் அளவு எடுத்தார். எடுத்த படத்தை மறுபடி பேப்பருக்குள் வைத்து மேசையில் ஓரமாகப் போட்டார். அப்போது பஜாரிலிருந்து ஒருவர் வந்து ஏதோ கேட்க, நாகலிங்கம் வழக்கம்போலத் தன் கையைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். பேசிக்கொண்டே அட்டையை எடுத்தார். அட்டைக்கு அடியில் எப்போதும் ஒரு மடித்த பேப்பரைப் போட்டுத்தான் வெட்டுவார். வெறும் பலகை மேல் வெட்டினால் கத்தி முனை மழுங்கிவிடும். கைக்கு எட்டிய பேப்பரை இழுத்து அடியில் போட்டார். ஒரு கோடு வெட்டினார், இரண்டு கோடு வெட்டினார், பேச்சும் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது கோட்டில் கத்தி கொஞ்சம் கனமாகப் போனது. அட்டைதான் தடிப்போ என்று இன்னும் அழுத்தினார்.

வந்தவர் போன பிறகுதான் பேப்பரைத் தூக்கினார். அதற்குள்ளிருந்து படம் இரண்டாக வந்தது. ஓரத்தில் ஒரு அங்குல அகலத் துண்டு தனியாகக் கழன்று கையில் நின்றது. அதில் அந்தச் சின்னப் பெண் இருந்தாள். அவள் தோளில் மூன்று விரல்கள் மட்டும் இருந்தன.

ஒட்டியிருக்கலாம். பின்னால் மெல்லிய தாள் வைத்துப் பசை தடவிச் சேர்த்தால் சேர்ந்துவிடும். ஆனால் கோடு தெரியும். கோடு தெரிந்தால் என்ன ஆச்சு என்று கேட்பாள். கேட்டால் இருபத்தெட்டு வருடப் பேச்சும் பஜாருக்கு நடுவில் சந்தி சிரிக்கும். நாகலிங்கம் யோசித்தது அரை நிமிடம்கூட இருக்காது. அவ்வளவு சீக்கிரம் தன் புத்தி கீழே இறங்கும் என்று அதற்கு முன் அவருக்கே தெரியாது. மேசை லாச்சியை இழுத்து, உள்ளே கிடந்த ஒரு பழைய காலண்டருக்குள் துண்டைச் செருகினார். மீதிப் படத்துக்குப் புதிதாக ஒரு மவுண்ட் வெட்டினார். அறுபட்ட ஓரமும், யாரையோ பிடிக்கப் போய் அந்தரத்தில் நின்ற மீனம்மாவின் கையும் அட்டைக்கு அடியில் மறைந்துபோயின. நாலு மூலையும் கச்சிதமாக இருந்தது.

மீனம்மா வந்ததும் முந்திக்கொண்டு அவரே சொன்னார்.

"படத்தோட ஓரம் பூராவும் பூஞ்சணம் புடிச்சிருந்துச்சும்மா. வெட்டி எடுக்கலேன்னா மொத்தப் படமும் போயிருக்கும். அம்மா அப்பா மொகத்தையாவது காப்பாத்திட்டேன்."

அவள் சண்டை போட்டிருந்தால் அவரும் பதிலுக்குச் சத்தம் போட்டுத் தப்பித்திருப்பார். அவள் பிரேமையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டாள்.

"எல்லாம் என் தப்புதானுங்க. லயத்து வீட்டுக் கூர ஒழுகுது. படம் இருக்குற பொட்டிய அந்தச் செவுத்தோரம் வைக்காதேன்னு தம்பி எத்தன தடவ சொன்னான். நான்தான் கேக்கல."

நாகலிங்கம் பிரேமுக்குப் பேப்பர் சுற்றிக் கொடுத்தார். அவள் போகும்போது, படத்தைக் காப்பாற்றிக் கொடுத்ததற்காக, கொல்லையில் போட்ட லீக்ஸ் ஒரு பை நிறையக் கொடுத்துவிட்டுப் போனாள். ஜெயலெட்சுமி அன்றைக்கு லீக்ஸை வதக்கி வைத்தாள். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு அவர் தட்டைத் தள்ளிவைத்தார்.

அதன் பிறகு அடியில் பேப்பர் போட்டு ஒரு அட்டை வெட்ட அவருக்குக் கை வரவில்லை. அதனால்தான் ஜெயரத்தினத்துக்குப் போன் போனது.

மெசின் பங்குனிக் கடைசியில் லொறியில் வந்து இறங்கியது. கட்டில் அகலத்துக்கு ஒரு மேசை, பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர். ஜெயரத்தினம் நாலு எண்ணைத் தட்டினார். மெசின் அட்டையைக் கவ்விப் பிடித்தது. கத்தி தானாக நகர்ந்துபோய் நாலு பக்கமும் இறங்கி ஏறியது. ஜன்னல் கழன்று விழுந்தது. வட்டம் வெட்டியது, முட்டை வடிவம் வெட்டியது, கோயில் வளைவு மாதிரிகூட ஒன்று வெட்டியது.

"உங்கட கையைக் குறை சொல்லேல்ல, அண்ணை," என்றார் ஜெயரத்தினம். "ஆனா இதுக்குக் களைப்பு இல்லை, பராக்கு இல்லை. ரெண்டு கிழமை வைச்சிருந்து பாருங்கோ. பிடிச்சா வைச்சிருங்கோ, இல்லாட்டி நான் வந்து ஏத்திக்கொண்டு போறன்."

"கீழ பேப்பர்கூட வைக்கத் தேவையில்லையாம், பாத்தீங்களா?" என்றாள் ஜெயலெட்சுமி சந்தோஷமாக. நாகலிங்கத்துக்குச் சுருக்கென்றது.

வாங்குவதா வேண்டாமா என்று அந்த இரண்டு வாரமும் அவர் மனசு ஆடிக்கொண்டே இருந்தது. வாங்கினால், தினமும் அதன் முன்னால் நின்றுகொண்டு கண் மங்கின கதையைச் சாகும்வரை சொல்ல வேண்டும். வேண்டாமென்றால் கத்தியைக் கையில் எடுக்க வேண்டும். பஜாரில் அவருக்குப் பாராட்டு வேறு. "காலத்துக்கேத்த மாதிரி மாறிட்டாருய்யா மனுசன்," என்றார்கள். பெருமை பேசியே பழகிய வாய்க்கு அந்தப் பாராட்டைக் கேட்டுக்கொண்டு நிற்பது பெரிய தண்டனையாக இருந்தது. இதற்கிடையில் கம்ப்யூட்டர் என்ற சொல் தோட்டம் தோட்டமாக ஏறிப்போனதில், அந்த மெசின் கிழிந்த படத்தைச் சேர்க்குமாம், மங்கின முகத்தை மீட்குமாம் என்று கதை வளர்ந்துவிட்டது. ஒருவர் வந்து, செத்துப்போன அப்பாவைக் கல்யாணப் படத்தில் சேர்த்துத் தர முடியுமா என்று கேட்டார். அட்டை வெட்டுவதைத் தவிர அதற்கு ஒரு மண்ணும் தெரியாது என்று ஜெயலெட்சுமி சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள்.

சித்திரை வருடப்பிறப்பு முடிந்து நாலாம் நாள், ஜெயரத்தினம் பதில் கேட்க வருவதாக இருந்த அன்று காலையில், மீனம்மா கடைக்குள் வந்தாள். கையில் அந்த பிரேம், பேப்பர் சுற்றியிருந்தது. கூட இன்னொருத்தி. அதே மூக்கு, அதே நெற்றி, கோத்தகிரிக் குளிருக்குப் போடுகிற கம்பளிச் சட்டை.

"இதுதானுங்க மொதலாளி என் தங்கச்சி," என்றாள் மீனம்மா. முகம் மலர்ந்திருந்தாலும் கண் இடுங்கிப் போயிருந்தது. "கம்ப்யூட்டர் மெசினு வாங்கியிருக்கீங்களாமே. வெட்டிப்போட்ட எடத்துல இவளத் திரும்பக் கொண்டாந்து வைக்குமுங்களா? இப்ப எடுத்த படம் ஒண்ணும் கொண்டாந்திருக்கோம், பாத்து வரையறதுக்கு."

"வந்த நாள்லேருந்து இதே பேச்சுங்க," என்று சிரித்தாள் காளியாயி. "நான்தான் நேருலயே வந்து நிக்கிறேனே, படம் எதுக்குன்னா கேக்க மாட்டேங்குது."

நாகலிங்கத்தின் மனசு அப்போது செய்த கணக்கைச் சொல்லவே கூசுகிறது. துண்டு லாச்சியில் இருக்கிறது. ஒரு வாரம் தவணை சொல்லி, பின்னால் ஒட்டி, கோட்டின் மேல் கொஞ்சம் மை தடவிக் கொடுத்துவிட்டு, கம்ப்யூட்டர் செய்தது என்று சொன்னால் முடிந்தது. படமும் சேரும், பேரும் சேரும். மெசின் மறுத்துப் பேசப்போவதில்லை.

"வச்சிட்டுப் போங்க, பாக்குறேன்," என்று அவர் வாய் சொல்லியும் விட்டது.

மீனம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "நீங்க நல்லா இருக்கணும். என் தம்பி மூணு மாசமா எங்கூடப் பேசல. அம்மா அப்பாவோட இருந்த ஒரே படத்தையும் பொட்டியில போட்டுக் கெடுத்திட்டேன்னு, ஒரே லயத்துல அடுத்தடுத்த வீட்டுல இருந்துக்கிட்டு மொகம் குடுக்க மாட்டேங்குறான். தங்கச்சி வந்ததுக்குக்கூட எங்க வீட்டுப் படியேறல. இது சரியாயிட்டா அவன்கிட்ட கொண்டுபோய்க் காட்டலாமுங்க."

நாகலிங்கத்துக்குக் காது இரண்டும் தீயாய்ச் சுட்டது. தான் ஒரு படத்தை மட்டும்தான் வெட்டினோம் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

மேசைக்குப் போய் லாச்சியை இழுத்தார். காலண்டரைப் பிரித்தார். துண்டை எடுத்துக்கொண்டு வந்து மீனம்மாவின் கையில் வைத்தார்.

"பூஞ்சணமெல்லாம் ஒண்ணுமில்லம்மா," என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை, அதனால் மறுபடி சொன்னார். "பூஞ்சணம் இல்ல. நான்தான் வெட்டினேன். நீங்க சுத்திக் கொண்டாந்த பேப்பர அடியில போட்டு, படம் உள்ள இருக்குறது தெரியாம வெட்டிப்புட்டேன். சொல்ல வெக்கமா இருந்துச்சி. பொய் சொன்னேன். பொட்டி மேலயும் தப்பில்ல, உங்க மேலயும் தப்பில்ல. இந்த மெசினக்கூட அத மறைக்கத்தான் கொண்டாந்தேன். என் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

கல்லாவில் இருந்த ஜெயலெட்சுமி நிமிர்ந்தாள். சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்த சொட்டு மருந்துப் போத்தலை எடுத்து, ஒரு தடவை பார்த்துவிட்டு, காலடியில் இருந்த குப்பைக் கூடையில் போட்டாள்.

மீனம்மா துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஓரத்தை விரலால் தடவினாள். துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக இருந்தது. தங்கை தோளில் இருந்த தன் விரல்களைப் பார்த்தாள்.

"நான் லீக்ஸு கொண்டாந்து குடுத்தேனே," என்றாள்.

அவள் வேறெதையும் சொல்லித் திட்டியிருக்கலாம். நாகலிங்கம் தரையைப் பார்த்தார்.

காளியாயிதான் பேச்சைத் திருப்பினாள். "போனது போவட்டும்க்கா. துண்டு கெடச்சிருச்சில்ல. மெசினுல குடுத்துச் சரி பண்ணிக் குடுக்கட்டும்."

"மெசினு எதுக்கு?" என்றாள் மீனம்மா. "தப்பு பண்ணினது அது இல்லியே. இவரே வெட்டட்டும். நான் இங்கதான் உக்காந்திருப்பேன்." வாடிக்கையாளர்களுக்குப் போட்டிருந்த ஸ்டூலை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஒட்டுறப்போ கோடு தெரிஞ்சா தெரியட்டும். மை கிய்யி ஒண்ணும் தடவ வேணாம். தம்பி கேட்டா இதுதான் கத்தி போன எடம்னு காட்டணும்."

நாகலிங்கம் பிரேமைப் பிரித்தார். துண்டைச் சேர்த்து வைத்துப் பின்னால் தாள் ஒட்டினார். சின்னப் பெண் வந்து ஓரத்தில் நின்றாள். விரல்கள் போய்க் கையோடு சேர்ந்தன. மேலிருந்து கீழ்வரை மெல்லிய கோடு ஒன்று நன்றாகவே தெரிந்தது. பழைய மவுண்ட் இனிப் போதாது, பெரிதாக ஒன்று வெட்ட வேண்டும்.

"அந்தக் கொழும்புக்காரரு பதினொரு மணிக்கு வந்திருவாரு," என்றாள் ஜெயலெட்சுமி, யாரையும் பார்க்காமல். "அவருக்கு என்ன சொல்றது?"

"ஏத்திக்கிட்டுப் போகச் சொல்லிரு," என்றார் நாகலிங்கம். "அதப் பாக்கவே எனக்குக் கூசுது."

"வாங்கிப் போடுங்க மொதலாளி," என்றாள் மீனம்மா. "அடுத்தவங்க படமாச்சும் தப்பிக்கட்டும்."

அவள் குத்திப் பேசவில்லை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது, துணியை எடுங்கள் என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். நாகலிங்கம் மெசினைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மனைவி பக்கம் திரும்பி, "மெசினு இருக்கட்டும்னு சொல்லிரு," என்றார். "ஏன் வாங்கினோம்னு யாராச்சும் கேட்டா, நடந்தது என்னவோ அதையே சொல்லு."

புது அட்டையை எடுத்துக் கவிழ்த்துப் போட்டு, பென்சிலால் நாலு கோடும் போட்டார். கத்தியைத் துடைத்தார். அடியில் போட ஒரு பேப்பர் வேண்டும். மூன்று மாதமாகத் தொடாத கட்டு மேசைக்கு அடியில்தான் இருந்தது. குனியப் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

மீனம்மா ஸ்டூலைவிட்டு எழுந்தாள். குனிந்து கட்டிலிருந்து ஒரு பேப்பரை உருவினாள். தாள் தாளாகப் பிரித்துப் பார்த்தாள். தரைக்கு நேராகப் பிடித்து உதறினாள். திருப்பிப் பிடித்து இன்னொரு தடவை உதறினாள். ஒன்றும் விழவில்லை. பிறகு நாலாக மடித்து மேசையில் வைத்து, உள்ளங்கையால் தடவி நேராக்கினாள்.

"இப்ப வெட்டுங்க," என்றாள்.